லென்ஸ் முதலில் வந்தது, கேமரா பிறகு

புதுச்சேரியின் பழைய துறைமுகப் பாலத்தில் ஒரு பகுதி 2022 மார்ச் மாதத்தில் கடலுக்குள் இடிந்து விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், பாலம் முழுதாக நின்றிருந்த ஒரு விடியற்காலையில், நான் கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. பாலம் போன பிறகு அந்தப் படத்தின் மேல் பிரியம் கூடிவிட்டதால், 12க்கு 18 அங்குல அளவில் அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டலாம் என்று கடலூரில் ஒரு கலர் லேபுக்குக் கொண்டு சென்றேன். அச்சாகி வந்த படத்தில் பாலத்தின் தூண்கள் தண்ணீர் பட்ட சாயத்தைப்போல ஒன்றோடொன்று இழுகிக் கிடந்தன; பாலத்தருகே கட்டுமரத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒரு கரிய தீற்றலாக மாறியிருந்தார். "மொபைல்ல எடுத்ததா மேடம்? மேக்ஸி சைஸ் வரைக்கும் நல்லா வரும், அதுக்கு மேல இழுத்தா இப்படித்தான்" என்று லேபில் இருந்தவர் சொன்னார். அந்தப் படத்தை நான் மாட்டவில்லை. நல்ல கேமரா ஒன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் விழுந்தது; 2023 ஜூனில்தான் அது முடிவாக மாறியது.

என் கைப்பேசி 12 மெகாபிக்சல் கொண்டது. படத்தின் நீளவாக்கில் 4,000 புள்ளிகள் இருந்தன. அவற்றை 18 அங்குலத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 222 புள்ளிகள் கிடைக்கும்; இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு அது தாராளமாகப் போதும். கணக்குப்படி கெட்டிருக்கக் கூடாத படம் ஏன் கெட்டது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது. கைப்பேசியில் ஒளியை வாங்கிப் படமாக மாற்றும் சென்சார் சட்டைப் பொத்தானை விடச் சிறியது. விடியலின் மங்கிய ஒளியில் அதன் மேல் விழும் வெளிச்சம் மிகக் குறைவு என்பதால் படம் முழுவதும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் எழுகின்றன. அந்தப் புள்ளிகளைக் கைப்பேசியின் மென்பொருள் துடைத்தெடுக்கும்போது, கட்டுமரத்துக்காரரின் முகத்தையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. சிறிய திரையில் பார்க்கும்வரை இது தெரிவதில்லை. ஆகவே எனக்குத் தேவைப்பட்டது கூடுதல் புள்ளிகள் இல்லை, கூடுதல் வெளிச்சத்தை வாங்கிக்கொள்ளும் பரப்பு என்பது விளங்கியது. இது விளங்கும்வரை 24 மெகாபிக்சலா 26 மெகாபிக்சலா என்று இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பரப்பு என்று இறங்கினால் இரண்டு அளவுகள் முன்னால் வந்து நிற்கும். ஒன்று, முழுச்சட்டம் எனப்படும் 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சார். லைக்கா கேமராவை உருவாக்கிய ஆஸ்கர் பார்னாக், திரைப்படச் சுருளின் 18க்கு 24 மில்லிமீட்டர் சட்டத்தை இரண்டாகச் சேர்த்துப் படமெடுத்ததிலிருந்து வந்த அளவு இது. அந்தக் கேமரா 1925இல் விற்பனைக்கு வந்தது, நூறாண்டு ஆகியும் அந்த அளவே உரைகல்லாக இருக்கிறது. மற்றொன்று, ஏறத்தாழ 23.5க்கு 15.6 மில்லிமீட்டர் கொண்ட ஏ.பி.எஸ்.-சி சென்சார். என் வரம்பு 60,000 ரூபாய். லென்ஸ், நினைவக அட்டை, பை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் முழுச்சட்டத்தைப் பற்றிய யோசனை ஒரே மாலையில் முடிந்தது.

ஏ.பி.எஸ்.-சி என்று முடிவான பிறகும் கேனான், நிக்கான், சோனி, ஃபியூஜி என்று ஒவ்வொரு நிறுவனத்திலும் நாலைந்து கேமராக்கள் இருந்தன. ஒப்பீட்டு அட்டவணைகளைப் படிக்கப் படிக்கக் குழப்பம் வளர்ந்ததே தவிர, தேயவில்லை. சனிக்கிழமைகளில் நான் முத்தியால்பேட்டையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போவது வழக்கம். கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் அவனுக்குக் கேமராவைப் பற்றி எதுவும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, உருப்படியான யோசனையை அவன்தான் சொன்னான். "எடுக்கப்போற படத்தைப் பத்தி யோசிக்காத அக்கா, எடுத்த படத்தை எண்ணு" என்றான். ஓராண்டில் கைப்பேசியில் எடுத்த படங்களை, எங்கே எடுத்தது, எத்தனை மணிக்கு எடுத்தது, உருப்பட்டதா இல்லையா என்ற மூன்று கேள்விகளுக்கு ஒரு நோட்டில் பதில் எழுதி எண்ணச் சொன்னான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயின.

மொத்தம் 2,316 படங்கள். என்னைப் பற்றி நான் நினைத்திருந்ததும் அந்த நோட்டு சொன்னதும் வேறு வேறாக இருந்தன. யாராவது கேட்டால், பறவைகளையும் கடலையும் படமெடுப்பதில் ஆசை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஊசுட்டேரிக்கு நான் ஓராண்டில் போனது நான்கே முறை. அங்கே எடுத்த 140 படங்களில் நாமக்கோழிகள் எல்லாம் மிளகு சிந்தியதுபோல இருந்தன. கடலும் சூரியனும் மட்டும் இருக்கும் படங்கள் 300க்குக் கிட்டத்தட்ட இருந்தன, அவற்றில் பெரும்பாலானவை கைப்பேசியிலேயே நன்றாகவே வந்திருந்தன. மீதி எல்லாம் மனிதர்கள். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விடிவதற்கு முன் நடக்கும் மீன் ஏலம், தேவனாம்பட்டினத்தில் மாசி மகத் தீர்த்தவாரி, வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர், பாடலீசுவரர் கோயிலில் சாயரட்சை நேரம், தம்பி மகளின் பரதநாட்டிய வகுப்பு. அவற்றுள் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் எடுத்தவை மூன்றில் இரண்டு பங்கு. கெட்டுப்போனவை என்று நான் குறித்த படங்களில் ஏறத்தாழ அனைத்தும் அந்த இரண்டு பங்குக்குள்தான் இருந்தன. கூடையைத் தலைக்கு ஏற்றும் கை இல்லை, அதன் நிழல்தான் இருந்தது. அடவு பிடித்த விரல்கள் புகையாக இருந்தன.

கேமரா வாங்க நினைக்கும் யாருக்கும் நான் சொல்லக்கூடியது இந்த ஒரு வேலையைத்தான். நன்றாக வந்த படங்களைப் பார்த்தால் எந்தக் கேமராவும் வேண்டாம் என்று தோன்றும். கனவில் இருக்கும் படங்களை நினைத்தால் எல்லாக் கேமராவும் வேண்டும் என்று தோன்றும். கெட்டுப்போன படங்கள்தான் எது குறைகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்கின்றன. எனக்குக் குறைந்தது மங்கிய ஒளியில் அசையும் மனிதர்களைப் பிடிக்கும் வேகம். அதற்குக் கேமராவின் உடலை விட லென்ஸின் வாய் அகலமாக இருப்பது முக்கியம் என்று அடுத்த வாரத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் 18-55 கிட் லென்ஸை, காட்சியை மிகக் கிட்டத்தில் காட்டும் 55 மில்லிமீட்டரில் வைத்தால், அதன் அப்பர்ச்சர், அதாவது ஒளி நுழையும் துளை, எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறியதாகச் சிறியதாகத் துளை பெரிதாகும்). 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸோ அதைப்போல ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஏலக்கூடத்தின் விளக்கொளியில் கிட் லென்ஸ் நொடியில் 15இல் ஒரு பங்கு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டிய இடத்தில், எஃப் 1.8 லென்ஸுக்கு 150இல் ஒரு பங்கு நேரம் போதும். முதலாவதில் கை புகையாகும். இரண்டாவதில் கையில் இருக்கும் சங்கராவின் செதில் தெரியும். கிட் லென்ஸில் வரும் அசைவுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், எதிரில் இருப்பவரின் அசைவைத் தடுக்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்; கடைகளில் இதை மாற்றிச் சொல்கிறார்கள்.

இதுவரை ஒழுங்காகச் சென்ற வண்டி இங்கேதான் தடம் புரண்டது. 1950 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைப் படமெடுத்த பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை லைக்காவோடும் ஒரே ஒரு 50 மில்லிமீட்டர் லென்ஸோடும் கழித்தவர். அரவிந்தர் அந்த ஆண்டு டிசம்பரிலேயே மறைந்துவிட்டார் என்பதால், அந்தப் படங்களைப் பற்றிய பேச்சு எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. நான் மனிதர்களைப் படமெடுப்பவள், அவரும் மனிதர்களைப் படமெடுத்தவர், அவரிடம் இருந்தது 50, ஆகவே எனக்கும் 50 என்று மனம் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டது. 2023 அக்டோபரில், நிக்கான் 50 மில்லிமீட்டர் எஃப் 1.8டி லென்ஸ் ஒன்று 5,500 ரூபாய்க்குச் செகண்ட் ஹேண்டில் வருகிறது என்று தெரிந்ததும், மறுநாளே பேருந்து ஏறி, அரியாங்குப்பத்தில் ஒருவரிடம் அதை வாங்கிவிட்டேன். 155 கிராம்தான், உள்ளங்கையில் அடங்கியது. கேமரா இன்னும் முடிவாகவில்லை. லென்ஸை முதலில் தேர்ந்தெடுத்து அதற்கேற்ற கேமராவைப் பிறகு வாங்கு என்று எல்லோரும் எழுதியிருந்ததை, லென்ஸை முதலில் வாங்கிவிடு என்று நான் புரிந்துகொண்டிருந்தேன் போலும்.

அதை மாட்டிப் பார்க்க, புதுச்சேரியில் கல்யாணப் படமெடுப்பவர்களுக்குக் கேமரா வாடகைக்குக் கொடுக்கும் ஓரிடத்தில் நிக்கான் டி5600 ஒன்றை இரண்டு நாளைக்கு எடுத்தேன். வாடகை 1,200 ரூபாய், முன்பணம் 10,000 ரூபாய், ஆதார் நகல் ஒன்று. லென்ஸ் கச்சிதமாகப் பொருந்தியது. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஃபோகஸ் ஆகவில்லை. லென்ஸ் கெட்டுவிட்டதோ என்று பதறி, கொடுத்தவரையே மறுபடி கூப்பிட்டுக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். டி வகை லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. கேமராவின் வாயில் இருக்கும் ஒரு சிறிய திருகுதான் லென்ஸின் உள்ளே இருக்கும் பற்களைச் சுழற்ற வேண்டும். டி3500, டி5600 போன்ற எளிய கேமராக்களில் அந்தத் திருகும் அதற்கான மோட்டாரும் இல்லை. லென்ஸை மாட்டும் வாயான நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இலிருந்து வருகிறது, பெரும்பாலான லென்ஸ்கள் பெரும்பாலான கேமராக்களில் பொருந்தும் என்று படித்தது உண்மைதான். பொருந்துவதும் வேலை செய்வதும் வேறு வேறு என்று அந்த வரிக்குக் கீழே யாரும் எழுதவில்லை, அல்லது எழுதியதை நான் படிக்கவில்லை.

அந்த இரண்டு நாளில் இன்னொன்றும் தெரிந்தது. கையால் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பித் திருப்பிக் கடற்கரைச் சாலையில் படமெடுத்தபோது, நான் நினைத்ததை விட எல்லாம் கிட்டத்தில் வந்து நின்றன. ஒருவரை முழுமையாகச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பல அடிகள் பின்னால் போக வேண்டியிருந்தது. ஏ.பி.எஸ்.-சி சென்சார் முழுச்சட்டத்தை விடச் சிறியது என்பதால், அதில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் 75 மில்லிமீட்டரின் பார்வையைத்தான் தரும். கார்த்தியே பிரெசோன் பார்த்த பார்வை எனக்கு வேண்டுமென்றால் 35 மில்லிமீட்டர் வாங்கியிருக்க வேண்டும். ஆக, ஒரே லென்ஸில் இரண்டு பிழைகள். "5,500 ரூபாய்க்கு ரெண்டு பாடம், மலிவுதான்" என்றான் தம்பி.

உள்ளே எழுந்து விழும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களையும் இந்த இடைவெளியில் பார்த்தேன். நிக்கானும் கேனானும் 2018இல் தங்கள் புதிய மவுண்டுகளை அறிமுகப்படுத்திய பிறகு கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் பக்கம் மெல்ல மெல்லத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டன. அவற்றிடமிருந்து புதிதாக வரும் கேமராக்கள் பெரும்பாலும் மிரர்லெஸ்தான். கடையில் ஒரு மிரர்லெஸ் கேமராவின் பார்வைத் துளைக்குள் பார்த்தபோது, படம் எப்படி வரப்போகிறதோ அதே வெளிச்சத்தில் அது முன்கூட்டியே தெரிந்தது. ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் அங்கேயே வெளுக்கிறது, குறைத்தால் அங்கேயே இருள்கிறது. கற்றுக்கொள்பவருக்கு இது பெரிய வரம், டி.எஸ்.எல்.ஆரில் இது இல்லை. புதுக் கேமராவாக வாங்குபவர் யாராவது என்னைக் கேட்டால், மிரர்லெஸ் வாங்குங்கள் என்றே சொல்வேன். சத்தமே இல்லாமல் படமெடுக்கலாம் என்பது அதன் இன்னொரு பெருமை. அதில் மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு நூறு முறை துடிக்கின்றன. அத்தகைய விளக்கின் கீழே சத்தமில்லாத ஷட்டரை வேகமாக வைத்து எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழும். நொடியில் 100இல் ஒரு பங்கு அல்லது 50இல் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

எனக்கு மிரர்லெஸ் ஒத்துவராததற்குக் காரணம் பணமும் அந்த 5,500 ரூபாயும். நிக்கானின் மிரர்லெஸ் கேமராவில் பழைய லென்ஸ்களை மாட்டுவதற்கு அடாப்டர் உண்டு என்றாலும், அந்த அடாப்டரிலும் திருகு மோட்டார் இல்லை. என் லென்ஸ் அங்கேயும் கையால்தான் திரும்பும். லென்ஸை விற்றுவிடலாம் என்று மூன்று முறை முடிவு செய்து மூன்று முறையும் மனம் வரவில்லை. வாடகைக்கு எடுத்த இரண்டாம் நாள் காலையில், தம்பி மனைவி சன்னலோரம் பூக் கட்டிக்கொண்டிருந்தபோது எடுத்த ஒரு படம் அதற்குள் மனத்தில் உட்கார்ந்துவிட்டிருந்தது. கையால்தான் ஃபோகஸ் செய்தேன். விரலும் நாரும் மட்டும் துலக்கமாக இருக்க, பின்னால் இருந்த சன்னல் கம்பிகள் கரைந்து போயிருந்தன. கடைக்காரருக்குச் சொல்ல முடியாத காரணம்தான், ஆனாலும் காரணம்.

கடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுச்சேரியிலும் கடலூரிலுமாக நான்கு கடைகள் ஏறி இறங்கினேன். தம்பி கூட வந்த இரண்டு கடைகளில், கேள்வி கேட்பது நான் என்றாலும் பதில் எல்லாம் அவனிடமே சொல்லப்பட்டது. "சார், மேடத்துக்கு லைட் வெயிட்டா குடுத்துடலாம்" என்ற வாக்கியத்தை இரண்டிலும் கேட்டேன். ஒரு கடையில் கேமராவோடு இரண்டு கிட் லென்ஸ், பை, முக்காலி, லென்ஸின் முன் மாட்டும் வடிகட்டி, அட்டை என்று மொத்தமாக ஒரு காம்போ வைத்திருந்தார்கள். முக்காலியைப் பிரித்து நிறுத்திப் பார்த்தேன்; மின்விசிறிக் காற்றில் ஆடியது. இன்னொரு கடையில் பில் வேண்டாம் என்றால் விலை நன்றாகக் குறையும் என்றார்கள். கேமராவுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என்பதால் அந்தக் குறைப்பு கண்ணைப் பறிக்கத்தான் செய்யும், ஆனால் பில் இல்லாமல் இந்தியாவுக்கான உத்தரவாத அட்டை எந்தப் பயனும் தராது. பின்னாளில் விற்கும்போதும் வாங்குபவர் முதலில் கேட்பது பில்லைத்தான். பில் இல்லாத சரக்கு வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டோம்.

கடைசியில் என் லென்ஸே கேமராவைத் தேர்ந்தெடுத்தது. ஃபோகஸ் மோட்டார் உள்ளே இருக்கும், ஏ.பி.எஸ்.-சி சென்சார் கொண்ட நிக்கான் என்றால் பெரும்பாலும் டி7000 வரிசைதான். அதில் 2015இல் வந்த டி7200 ஒன்று வில்லியனூரில் ஒருவரிடம் பில்லோடு விலைக்கு இருந்தது. டி5600ஐ விட 300 கிராம் கனம் கூடுதல். பேட்டரியும் அட்டையும் சேர்த்து 765 கிராம். கனத்துக்குப் பயந்துகொண்டு போன எனக்கு, கையில் பிடித்துப் பார்த்ததும் வியப்பாக இருந்தது. சின்ன விரல்கள் என்பதால் இலேசான கேமராதான் சரிப்படும் என்று நானும் நம்பியிருந்தேன். டி5600இல் சுண்டுவிரல் பிடியை விட்டுக் கீழே தொங்கியது. இதில் நான்கு விரல்களுக்கும் இடம் இருந்தது, கனம் உள்ளங்கையில் உட்கார்ந்ததே தவிர மணிக்கட்டில் இறங்கவில்லை. ஷட்டர் வேகத்துக்கு ஒரு சக்கரமும் அப்பர்ச்சருக்கு ஒரு சக்கரமும் தனித்தனியாக இருந்ததும், உடலின் இணைப்புகளில் தூசும் ஈரமும் புகாதபடி அடைப்பு இருந்ததும் கடலோரத்தில் இருப்பவளுக்கு உபரி வசதிகள். குறை என்றால் சத்தம். கண்ணாடி எழுந்து விழும் ஓசையில் நாட்டிய வகுப்பின் ஆசிரியை ஒருமுறை தாளத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

செகண்ட் ஹேண்ட் கேமராவை வாங்கும் முன் செய்த சோதனைகளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அவர் வீட்டு மொட்டைமாடியில் எஃப் 16இல் வெறும் வானத்தைப் படமெடுத்துத் திரையில் பெரிதாக்கினால், சென்சாரில் இருக்கும் தூசு எல்லாம் சாம்பல் பொட்டுகளாகத் தெரியும். மூன்று பொட்டுகள் இருந்தன, துடைத்தால் போய்விடும். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் முப்பது நொடி ஷட்டரைத் திறந்து எடுத்த கறுப்புப் படத்தில், பழுதான புள்ளிகள் நட்சத்திரம்போல மின்னுகின்றனவா என்று பார்க்க வேண்டும். நிக்கான் கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணை எழுதி வைக்கிறது. தம்பியின் மடிக்கணினியில் ஒரு படத்தை ஏற்றிப் பார்த்தபோது அது 21,400 என்று காட்டியது. இந்தக் கேமராவின் ஷட்டரை நிக்கான் 1,50,000 முறைக்குச் சோதித்திருப்பதால் அது இளமைதான். பில்லில் இருந்த வரிசை எண்ணும் கேமராவின் அடியில் இருந்த எண்ணும் ஒன்றா என்று பார்த்தோம். பிடியின் ரப்பர் ஓரத்தில் கொஞ்சம் தளர்ந்திருந்தது, நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் அது இயல்பு. அதைக் காட்டி ஆயிரம் ரூபாய் குறைத்தேன். 31,000 ரூபாய்க்கு 2024 ஜனவரியில் கேமரா என் கைக்கு வந்தது. என் 50ஐ மாட்டிப் பொத்தானைப் பாதி அழுத்தியதும், கிர்ரென்று பழைய தையல் இயந்திரம்போல ஒரு சத்தத்துடன் லென்ஸ் தானாகத் திரும்பியது.

முதுநகர்த் துறைமுகத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போன முதல் நாளில் ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. கைப்பேசியைத் தூக்கும்போது யாரும் பொருட்படுத்தாத இடத்தில், இந்தக் கறுப்புக் கேமராவைத் தூக்கியதும் ஏலமே ஒரு கணம் நின்றது. "யம்மா, பேப்பர்ல போடப் போறியா?" என்று ஓர் அம்மா கேட்டார். எதிலும் போடமாட்டேன், வேண்டுமென்றால் அச்சிட்டுக் கொடுக்கிறேன் என்றேன். கேமரா வாங்கும்போது எந்த அட்டவணையிலும் இல்லாத விஷயம் இது; கேமரா பெரிதாகப் பெரிதாக அதைத் தூக்குவதற்குக் கேட்க வேண்டிய அனுமதியும் பெரிதாகிறது. அங்கே 75 மில்லிமீட்டர் பார்வை எனக்குப் பிழையாகத் தெரியவில்லை. ஏலக் கூட்டத்துக்குள் இடித்துக்கொண்டு நுழையாமல், ஐஸ் பெட்டிகளுக்கு அருகில் ஒதுங்கி நின்றபடியே கூடைக்காரர்களின் முகங்களை எடுக்க முடிந்தது. அதே பார்வை கோயில் பிரகாரத்தில் சுவரோடு சுவராக என்னை ஒட்டவைத்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேமராவின் விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டிய இன்னொன்று எங்கள் காற்று. உப்பும் ஈரமும் கலந்த கடலோரக் காற்றில், லென்ஸுக்குள் சிலந்தி நூல்போலப் பூஞ்சை படர்வதற்குச் சில வாரங்கள் போதும். படர்ந்தால் அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். நான் செய்த முட்டாள்தனம், கேமராவைத் தோல் உறையில் போட்டு, பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்தது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகஸ்ட்டில் ஒரு நாள் லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தபோது, ஓரத்தில் மெல்லிய பனிபோல ஏதோ தெரிந்தது. நல்லவேளையாக அது துடைத்ததும் போய்விட்டது. அன்றே பாத்திரக் கடையில் காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்றும், ஈரத்தை உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல் அரை கிலோவும், ஈரப்பத மானி ஒன்றும் வாங்கினேன். எல்லாம் சேர்த்து 900 ரூபாய். மானி 45 சதவீதத்தை ஒட்டி இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். 60ஐத் தாண்டினால் சிலிக்காவை வாணலியில் போட்டு மெல்லிய தீயில் வறுத்தால் அதன் நிறம் திரும்பி வந்துவிடும். (அந்த வாணலியில் சமைக்கக் கூடாது. அம்மாவுக்கு அந்த டப்பாவின் மேல் முறுக்கு வைக்கும் ஆசை இருந்தது, அதுவும் கூடாது.) அரிசிக்குள் வைத்தால் ஈரம் போகும் என்று சொல்வார்கள், அரிசித் தவிடு கேமராவின் இடுக்குகளில் புகுந்ததுதான் மிச்சமாகும்.

மின்சாரத்தில் இயங்கும் ஈரம்நீக்கிப் பெட்டி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த சமயத்தில்தான், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. அதைத் தொடர்ந்து சாத்தனூர் அணையின் நீர் தென்பெண்ணையில் பெருக்கெடுத்துக் கடலூரின் பல பகுதிகளுக்குள் புகுந்தது. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லாத நாள்களிலும், பரண்மேல் இருந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் மானி 48ஐக் காட்டிக்கொண்டிருந்தது. மின்பெட்டி வாங்கும் யோசனையை அத்துடன் விட்டுவிட்டேன். அறைக்குள் ஏ.சி. ஓடினால், குளிர்ந்த லென்ஸில் வெளிக்காற்றின் ஈரம் படியாதிருக்க, வெளியே கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்பே கேமராவைப் பையோடு வராந்தாவில் வைத்துவிடுவதும், கடற்கரையிலிருந்து திரும்பியதும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைத்துவிட்டு உலர்ந்த துணியால் மறுபடி துடைப்பதும் இப்போது பழக்கமாகிவிட்டன.

பணக் கணக்கு இவ்வாறு முடிந்தது: கேமரா 31,000, லென்ஸ் 5,500, வாடகை 1,200, டப்பாவும் மற்றவையும் 900, அட்டையும் கூடுதல் பேட்டரியும் பையும் 4,600, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்புகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 28 எம்.பி. பிடிப்பதால் வாங்க நேர்ந்த ஹார்டு டிஸ்க் 4,800. மொத்தம் 48,000. மீதி 12,000 ரூபாயில் பாதிக்கு மேல் அச்சில் போய்க்கொண்டிருக்கிறது, ஏனென்றால் பேப்பரில் போடுவாயா என்று கேட்ட அம்மாவுக்குக் கொடுத்த ஒரு மேக்ஸி சைஸ் படத்தைப் பார்த்துவிட்டு, ஏலக்கூடத்தில் இப்போது பதினொரு பேர் தங்கள் படத்தைக் கேட்டு வைத்திருக்கிறார்கள்.

கேமராவின் ஷட்டர் எண்ணிக்கை இப்போது 29,870இல் நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், விடியற்காலை ஏலம் ஓய்ந்துவிடும். அந்த இடைவெளியில் கோயில் பிரகாரங்களுக்காக 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். லாஸ்பேட்டையில் ஒருவரிடம் அது விலைக்கு இருக்கிறது, விலையும் நியாயமாகத்தான் தோன்றுகிறது. வாங்குவதற்கு முன் அதே லென்ஸை எங்காவது இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார் என்கிறான் தம்பி.